முழுவியளம்

விடிகாலை நாலு மணிக்குத் தகர வேலியின் ஓட்டையில் கண்ணை வைத்து, உதயகலா வெளியே நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தான் சிவகரன். நின்றாள். ஒழுங்கை லைட்டுக்குக் கீழே, தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி அவனுடைய கேற்றடியிலேயே நின்றாள்.

"என்னப்பா, நாற்பத்தொரு வயதிலை வேலி ஓட்டைக்குள்ளாலை பொம்பிளை பாக்கிறியள்?" என்றாள் பின்னால் வந்த மனைவி கோபிகா.

"சத்தம் போடாதை. தாலியறுத்தவள் வந்து நிக்கிறாள். நான் ஓட வெளிக்கிடுற நாளாப் பாத்து, முன்னாலை வந்து முழுவியளத்தைக் கெடுக்கிறதே உவளுக்கு வேலை."

புறப்படும்போது முதலில் எதிர்ப்படும் முகம்தான் முழுவியளம், அன்றைய சகுனம்; அவன் கோபம் சும்மா வந்ததல்ல. தை மாதம் சுன்னாகத்துப் பத்துக் கிலோமீற்றர் ஓட்டத்துக்குப் புறப்பட்டுக் கேற்றைத் திறந்தால், இவள் நின்றாள். ஏழாவது கிலோமீற்றரில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. மாசியில் கோப்பாயில் ஓடிய அன்றும் முதலில் கண்டது இவள் முகத்தைத்தான். குழிக்குள் கால் பிரண்டு மூன்று கிழமை நொண்டினான். பங்குனியிலும் கேற்றடியில் இவள்தான்; யாழ்ப்பாணம் ரவுணில் முழங்கால் வீங்கி, பாதி வழியில் ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தான்.

அந்த மூன்று போட்டியிலும் பெண்களில் முதலாவதாக வந்தவள் உதயகலா. அதை நினைத்தால்தான் அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. புருசன் செத்து ஆறு வருடம், பிரதேச சபை நூலகத்தில் ஒரு வேலை, இவளுக்கு எதற்கு ஓட்டமும் கோப்பையும் என்று சங்கக் கடையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பொருமினான்.

ஒழுங்கையில் பால்காரர் கூப்பிட்டாலும் நிமிர்ந்து பார்க்காதவள், அவன் வெளியே வந்ததும் மட்டும் தொப்பியைத் தூக்கி முகத்தை நேருக்கு நேர் பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாள். பங்குனிப் போட்டி முடிந்த மறுநாள் அவன் வாய்விட்டே கேட்டுவிட்டான்.

"உமக்கு நிக்கிறதுக்கு என்ரை கேற்றடிதானோ கிடைச்சது?"

"ஒழுங்கை எல்லாருக்கும் பொது, அண்ணை."

"ஒரு காரியமா வெளிக்கிடுற ஆக்களுக்கு முன்னாலை உம்மைப்போலை ஆக்கள் வரக்கூடாதெண்டு தெரியாதோ?"

அவள் முகம் கறுத்துப்போனது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அப்படியிருந்தும் இன்று வந்து நிற்கிறாளே என்று பல்லைக் கடித்தான் சிவகரன்.

இன்று கொடிகாமத்தில் ஓட்டம். இந்த வருடத்துக்கு இதுதான் கடைசி. "இண்டைக்கும் வெறுங்கையோடை வந்தியளெண்டால் உந்தச் சப்பாத்தை அடுப்புக்கை வைப்பன்" என்று கோபிகா சொல்லிவிட்டாள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தே அவளுக்குக் கை விட்டுப்போயிருந்தது.

சிவகரன் பின்வேலி ஏறிக் குதித்தான். முதல்நாளே கோயிலடியில் விட்டு வைத்திருந்த மோட்டார் சைக்கிளில் ஏறி, திரும்பிப் பாராமல் கொடிகாமம் போய்ச் சேர்ந்தான்.

அங்கேயும் அவள் விடவில்லை. அதே தொப்பி, அதே குனிந்த தலை. ஒருவர் முகத்தையும் பாராமல், ஓட வந்தவர்களின் சப்பாத்துகளை மட்டும் பார்த்துப் பார்த்து நடந்தாள். சிவகரனின் பச்சைச் சப்பாத்து ஊரறிந்தது. அவன் தண்ணீர் பவுசர் லொறியின் சில்லுக்குப் பின்னால் காலை ஒளித்து, துவாயால் தலையை மூடிக்கொண்டு, விசில் ஊதும் வரைக்கும் குந்தியிருந்தான்.

முழங்கால் அன்று சொன்னபடி கேட்டது. ஒன்பது கிலோமீற்றர் தாண்டியபோது நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் அவன் மூன்றாவது ஆள். சந்தைக்கு முன்னால் முடிவுக்கோடு தெரிந்தது; வெண்கலப் பதக்கம் கழுத்தில் விழுந்த மாதிரியே இருந்தது.

"கலா அக்கா, விடாதேங்கோ" என்று பின்னால் யாரோ கத்தியது அப்போதுதான் கேட்டது.

பின்னால் வருவது உதயகலாதான். முந்திக்கொண்டு போகும்போது அவள் முகத்தைப் பார்த்துத் தொலைத்தால் எல்லாம் போச்சே என்று, ஓடிக்கொண்டே கையால் கண்ணைப் பொத்தினான். பொத்திய கண்ணோடு ஓடி, சந்தைக்காரர் ரோட்டோரம் குவித்து வைத்திருந்த தேங்காய்களுக்கு மேல் போய் விழுந்தான்.

முதலுதவிக் கூடாரத்தில் முழங்காலில் ஐஸ்கட்டியோடு இருந்தவனுக்கு முன்னால் இரண்டு கால்கள் வந்து நின்றன. யாரென்று தெரிந்ததும் துவாயை இழுத்து முகத்தை மூடினான்.

"இப்ப சந்தோசமோ? நாலாந்தரமும் என்னை விழுத்திப்போட்டீர். போம் இஞ்சையிருந்து."

"நானோ விழுத்தினனான்? நீங்கள்தான் என்னை விழுத்திப்போட்டியள்." அவள் குரல் ஆத்திரத்தில் உடைந்தது. "இண்டைக்கு இரண்டாவதாத்தான் வந்தனான்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

உதயகலா துவாயை வெடுக்கென்று பிடுங்கி எறிந்தாள்.

"மூண்டரை மணியிலையிருந்து ஒருத்தரையும் பாக்காமல் உங்கடை கேற்றடியிலை தவம் கிடந்தனான். பேச்சு வாங்கியும், வெக்கத்தை விட்டுத்தான் வந்து நிண்டனான். எனக்கேன் ஒளிச்சனீங்கள்?"

முகத்தை மூட அவன் மறுபடி துவாயை எட்டினான்; அவள் அதைக் காலால் தள்ளிவிட்டாள்.

"மூண்டு தரமும் உங்கடை முகத்திலை முழிச்சுத்தானே அண்ணை நான் வெண்டனான்."