நொண்டாத சப்பாத்து

ஐந்தாவது சப்பாத்துக்குள் காலை நுழைத்தபோது தம்புசாமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பார்க்க அழகான சப்பாத்து. கூர்மூக்கு, பளபளப்பு, பக்கவாட்டில் தங்க நிறத்தில் பக்கிள். போட்டுக்கொண்டு நிற்கத்தான் முடியவில்லை.

அதற்கு முன் பார்த்தது நல்ல மெத்து. ஆனால் ஆஸ்பத்திரி நர்ஸ் போடுகிற மாதிரி வெள்ளையாக, தட்டையாக இருந்தது. அதை மாட்டிக்கொண்டு ரங்கசாமி மகளின் கல்யாண விருந்துக்குப் போவதைவிட வீட்டில் குப்புறப் படுத்துக்கொள்ளலாம்.

அப்படிப் படுத்துக்கொள்ளவும் முடியாது. போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று ரங்கசாமி துருவுவான். நொண்டிக்கொண்டு போனால் மைக்கைப் பிடித்தே கேட்டுவிடுவான்.

தப்பு தம்புசாமி மேல்தான். போன வருடம் செலண்டார் செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியில் ரங்கசாமிக்குக் கால் வெந்துவிட்டது. ஒழுங்காக விரதம் இருந்தவனை நெருப்பு சுடாது, திருட்டுத்தனம் செய்தவனைத்தான் சுடும் என்பது தோட்டத்தில் எல்லாரும் நம்புகிற சட்டம். தம்புசாமி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அன்னதான வரிசையில் அத்தனை பேர் முன்னால், "கோழியா ஆடா, சொல்லுலா ரங்கா" என்று கேட்டுத் தொலைத்தார்.

ரங்கசாமி ஒரு வருடம் தலை காட்டவில்லை. இப்போதுதான் இடுப்பில் பேஜர் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறான்.

இந்த வருடம் விரதத்தின் பதினோராம் நாள், லோரிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கத் தம்புசாமி மலாக்காவுக்கு வந்தார். சீனர் கடையில் கோழிச் சோற்றை உருண்டை உருண்டையாகப் பிடித்து அடுக்கி வைத்திருந்தார்கள். செலண்டார் அம்மனுக்கு மலாக்கா டவுனில் என்ன வேலை என்று ஆறு உருண்டைகளை உள்ளே தள்ளினார்.

போன ஞாயிற்றுக்கிழமை தீமிதியில் அம்மன் இரண்டு உள்ளங்காலிலும் பதில் சொல்லிவிட்டாள்.

குழியிலிருந்து சிரித்துக்கொண்டேதான் ஏறினார். மனைவி குஞ்சம்மாவிடம், காலில் செம்பனைக் குலை விழுந்துவிட்டது என்றார். அதை ரங்கசாமியிடம் சொல்ல முடியாது. போன வருடம் அவன் சொன்ன பொய்யே அதுதான்.

செலண்டாரிலும் ஜாசினிலும் தெரிந்த முகம் இருக்கும். அதனால்தான் பஸ் ஏறி இவ்வளவு தூரம் மலாக்காவுக்கு வந்து உஸ்மான் பாய் கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

பாய் அவர் காலைத் தூக்கித் தன் முட்டியின் மேல் வைத்துக்கொண்டு காலுறையை மெல்ல இறக்கினார். தம்புசாமி அவசரமாகக் குலை விழுந்த கதையைச் சொன்னார். மேலே விழுந்த குலைக்குக் கீழே எப்படிக் கொப்புளம் வந்தது என்று பாய் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த மனிதர். எந்த ஊர் என்று மட்டும் கேட்டார்.

பிறகு உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார்.

கறுப்புச் சப்பாத்து. வெளியே கண்ணாடி மாதிரி மின்னியது. உள்ளே கனத்த பஞ்சு. வழக்கமான அளவைவிட ஒரு சைஸ் பெரியது.

தம்புசாமி எழுந்தார். வாசல் வரை நடந்தார். திரும்பி வந்தார். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை நடந்தார்.

நொண்டவில்லை.

பாயைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. விருந்தில் ரங்கசாமி இவர் காலையே பார்த்துப் பார்த்து ஏமாறப்போவதை நினைத்ததும் சந்தோஷம் இரட்டிப்பானது.

அளவுகூட எடுக்காமல் எப்படி இவ்வளவு சரியாகக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்.

பாய் பெட்டியைச் சணலால் கட்டிக்கொண்டே சொன்னார்.

"உங்க ஊரு தீமிதி முடிஞ்ச வாரம் இந்த மாடல்தாண்ணே ஓடும். உங்களோட சேத்து ஒம்போது ஜோடி ஆச்சு. எல்லாருக்கும் கறுப்பு. முன்னால கரகம் தூக்கிட்டு எறங்குனாரே பூசாரி, அவரு மட்டும் பிரவுன் கேட்டாரு."