எதிர்த்துத் தூக்கிய கை

“எதிர்க்கிறவங்க கை தூக்குங்க” என்று தலைவர் சொன்னதும், தீர்மானத்தைக் கொண்டுவந்த பெண் கவுன்சிலரே கையைத் தூக்கினாள்.

நகரசபைக் கூடமே திரும்பிப் பார்த்தது. பார்வையாளர் பெஞ்சில் இருந்த அவளுடைய அக்கா, பாவம், தங்கச்சி ஏதோ கவனப்பிசகில் தூக்கிவிட்டாள் என்று நினைத்தாள்.

செயலாளரும் அப்படித்தான் நினைத்தார். “அம்மா, இது எதிர்க்கிறவங்களுக்கு.”

“தெரியும் சார். எழுதிக்கோங்க.”

தலைவருக்கு வாயெல்லாம் பல். “நிலைமையைப் புரிஞ்சுக்கிட்டீங்க, சந்தோஷம். செயலாளரே, பேரோட எழுதுங்க.”

ஆதரவு ஏழு. எதிர்ப்பு பத்து. தீர்மானம் தோற்றது. இனி ஒரு வருஷத்துக்கு அதைக் கொண்டுவர முடியாது.

அப்படி ஒன்றும் வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை அந்தத் தீர்மானம். தெருக் கூட்டும் பெண்களுக்கு வார்டுக்கு ஒரு கழிப்பறை, துணி மாற்ற ஓர் அறை. அவ்வளவுதான்.

காலை ஐந்து மணிக்குத் துடைப்பத்தைத் தொட்டால் மதியம் ஒரு மணி வரை அவர்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. அக்கா இருபது வருஷமாகக் குடிக்கவில்லை. போன மாதம் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “ஒரு கிட்னி போயிடுச்சும்மா. இன்னொண்ணாவது மிஞ்சணும்னா நல்லா தண்ணி குடிங்க” என்றார்.

“குடிச்சா எங்க சார் போறது?” என்று கேட்டாள் அக்கா. டாக்டரிடம் அதற்கு மருந்தில்லை.

தங்கச்சியும் பதினொரு வருஷம் அதே தெருக்களைக் கூட்டியவள்தான். அக்காவும் கூட வேலை பார்க்கிறவர்களும் வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டுத்தான் அவளைக் கவுன்சிலராக்கினார்கள்.

இன்றைய பட்டியலில் அவள் தீர்மானம் பதினாலாவது. தலைவர் அதை முதலாவதாக எடுத்தார். காரணம் இருந்தது. பாலத்தில் லாரி கவிழ்ந்து வழி அடைபட்டதில், அதை ஆதரிக்கும் இரண்டு கவுன்சிலர்கள் வந்து சேரவில்லை. அவர்களும் இருந்தால் ஒரே ஓட்டில் ஜெயித்துவிடும்.

“ரெண்டு பேரும் வந்துடட்டுமே தலைவரே” என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

“விதியில இடமில்லம்மா” என்றார். விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர் அவர். தனக்கு வேண்டிய பக்கங்களை மட்டும்.

டீ இடைவேளையில் அக்கா தாழ்வாரத்தில் வழிமறித்தாள்.

“ஏன்டி, நாற்காலி ஒட்டிக்கிச்சா?”

“அக்கா, கொஞ்சம் பொறு.”

“என்னத்தைப் பொறுக்கறது? நம்ம பக்கம் நின்னு தோத்திருந்தா உன்னைத் தோள்ல தூக்கி வச்சிருப்போம்.”

“தூக்கி வச்சுட்டு? இன்னும் ஒரு வருஷம் தண்ணி குடிக்காம இருப்பியா?”

“அதை அந்த ஆளுக்கு ஜால்ரா போடறவ கேக்காதே.”

தங்கச்சியின் முகம் சுருங்கியது. பதில் சொல்ல வாயெடுத்தாள். இரண்டடி தள்ளி டீ உறிஞ்சிக்கொண்டிருந்த தலைவரின் மைத்துனர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“கூட்டம் முடியற வரைக்கும் போயிடாதே. அது போதும்” என்றாள் மெதுவாக.

“இனிமே என் வீட்டுப் படி ஏறாதே. அது எனக்குப் போதும்.”

சொன்னாளே தவிர அக்கா போகவில்லை. திட்டித் தீர்க்க இன்னும் பாக்கி இருந்தது.

மற்ற பொருள்கள் விறுவிறுவென்று முடிந்தன. தெருவிளக்கு, சாக்கடை மூடி, தலைவரின் அறைக்குப் புது ஏசி. ஏசிக்கு ஒருவர்கூட எதிர்த்துக் கை தூக்கவில்லை, அவளைத் தவிர. அவள் கண் வாசலிலேயே இருந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு அந்த இரண்டு கவுன்சிலர்களும் உள்ளே வந்தார்கள். காரைப் பாலத்திலேயே விட்டுவிட்டு நடந்தே வந்திருந்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“தாமதமா வந்தாலும் வந்தீங்களே” என்று தலைவர் சிரித்தார். “எல்லாம் முடிஞ்சது. கூட்டத்தை…”

“ஒரு நிமிஷம் தலைவரே.” அவள் எழுந்து நின்றாள். “முதல் தீர்மானத்தை மறுபடியும் ஓட்டுக்கு விடணும்னு கேக்கறேன்.”

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். “நீங்க கொண்டுவந்து தோத்த தீர்மானம்மா அது. தோத்தவங்க மறுபடி கேக்க முடியாது. செயலாளரே, விதியை இந்தம்மாவுக்குப் படிச்சுக் காட்டுங்க, தெரிஞ்சுக்கட்டும்.”

செயலாளர் சத்தமாகவே படித்தார். “கூட்டம் முடிவதற்குள், தோற்ற தீர்மானத்தை மறு வாக்கெடுப்புக்கு விடக் கோரும் உரிமை, அதைத் தோற்கடித்த தரப்பில் வாக்களித்த உறுப்பினருக்கு மட்டுமே உண்டு. கோரினால் தலைவர் மறுக்க இயலாது.”

கடைசி வரி வந்தபோது அவர் குரல் தானாக இறங்கிவிட்டது. தலைவரின் சிரிப்பும்தான்.

பார்வையாளர் பெஞ்சில் அக்கா மெல்ல எழுந்து நின்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

“தோற்கடிச்சவங்கள்ல நானும் ஒருத்தி தலைவரே, பேரோட எழுதியிருக்கீங்க” என்றாள் தங்கச்சி. “இப்ப எங்க பக்கம் பத்துப் பேர், உங்க பக்கம் ஒம்போது. எண்ணுங்க.”