இன்னும் கொஞ்சம் மெல்லிசா

"நறுக்கச் சொன்னா பிளந்து வைக்குதும்மா."

முதியவர் மடக்குக் கத்தியை மேஜைமேல் வைத்தார். பையிலிருந்து ஓர் ஆப்பிளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நான்கு மாதமாக, மாதம் ஒருமுறை இந்தக் கத்தியும் ஓர் ஆப்பிளும் இந்தக் கடைக்கு வருகின்றன.

குறுகலான ஒரே அறை. பாதியில் கத்தி தீட்டுகிறவளின் சாணை, மீதியில் சாவி போடுகிறவரின் பலகை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மழை யாரையும் அவசரப்படுத்தாமல் பெய்துகொண்டிருந்தது.

"வந்துட்டாருய்யா நம்ம ஆப்பிள் சார்" என்றார் சாவிக்காரர். "ஏன் தங்கச்சி, ஒரே நாள்ல முடிக்கிற வேலைதானே? சீரியல் மாதிரி இழுக்கறியே."

"ஒரேயடியா எடுத்தா சூடேறிடும்ண்ணே. சூடேறினா எஃகு செத்துப்போகும். அப்புறம் கூரே நிக்காது." அவள் கத்தியை விரித்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். "கூர் நல்லாத்தான் இருக்கு. கூருக்குப் பின்னால கனம் இருக்குல்ல, அதுதான் பழத்துக்குள்ள ஆப்பு மாதிரி இறங்கிப் பிளக்குது."

"போன தடவையைவிடத் தேவலை. ஆனா வீட்டுல அவளுக்கு இன்னும் மெல்லிசா வேணும்."

"சாப்பிடறாங்களா?" சாணையைச் சுழலவிட்டபடியே கேட்டாள்.

"நேத்து மூணு துண்டு. அதுக்கு முந்தின நாள் அஞ்சு. கனமா இருந்தா தொண்டையில இறங்கல. காகிதம் மாதிரி இருந்தா நாக்குல வச்சுக் கரைச்சுக்கறா."

"மிக்ஸில அடிச்சுக் குடுத்துடலாமே சார்" என்றார் சாவிக்காரர்.

"குடுத்துப் பார்த்தேன். நான் என்ன கைக்குழந்தையா, கூழ் குடிக்கன்னு கிண்ணத்தைத் தள்ளிட்டா."

தலை குனிந்திருந்த அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து, வந்த சுவடு தெரியாமல் போனது. அலகைக் கல்லில் படுக்கவைத்து மெல்ல இழுத்தாள். நாலு இழுப்பு, தண்ணீரில் ஒரு முக்கு. மறுபக்கம் நாலு இழுப்பு, மறுபடி தண்ணீர்.

"தூங்கறாங்களா?"

"பகல்ல தூங்கறா. சாயங்காலம் ஜன்னல்கிட்ட உக்கார வைக்கச் சொல்றா. தெருவையே பாத்துக்கிட்டு இருக்கா."

"யார் வர்றாங்களாம்?" என்றார் சாவிக்காரர்.

முதியவர் மேஜைமேலிருந்த ஆப்பிளைத் திருப்பி வைத்தார். தண்ணீர்த் தொட்டியில் எஃகுப் பொடி சாம்பலாகப் படிந்துகொண்டிருந்தது.

அவள் அலகைத் துடைத்து, விளிம்பைத் தன் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து லேசாக அழுத்தினாள். எஃகு நகத்தின் வளைவுக்கு ஏற்ப இம்மியளவு வளைந்து நிமிர்ந்தது. அவள் சாணையை நிறுத்தினாள்.

"நறுக்கிப் பாருங்க."

அவர் ஆப்பிளைப் பிடித்தார். கத்தி சத்தமில்லாமல் இறங்கியது. மேஜைமேல் விழுந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன் வழியாக அவருடைய விரல்கள் தெரிந்தன.

"இது போதும்" என்றார். பிறகு, பயந்தவர் போல, "அடுத்த மாசம் இன்னும் கொஞ்சம் எடுக்கலாமா?" என்றார்.

"இதுக்கு மேல எடுத்தா உடைஞ்சுடும். எடுக்க இனி ஒண்ணுமில்ல."

"அப்போ வரவேண்டியிருக்காது."

"மழுங்கினா வரலாம்."

"மழுங்க எத்தனை நாளாகும்?"

அவளுக்குப் பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. தொழில் குறுக்கே நின்றது. "பழம் மட்டும் நறுக்கினா, ஒரு வருஷம்கூட ஆகும்."

"ஒரு வருஷம்" என்று அவர் தலையசைத்தார். "அவ்வளவு நாள் அவ..."

வாக்கியத்தை முடிக்காமல் கத்தியை மடக்கினார். நறுக்கிய துண்டைக் கைக்குட்டையில் வைத்து, மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். கதவருகே போய் நின்றார். குடையை விரிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. அவள் மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். கதவு மூடிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

மழையில் குடை தெருமுனைவரை போய்த் திரும்பி மறைந்தது.

"இந்த வயசுல தனியா இப்படி அல்லாடறாரே" என்றார் சாவிக்காரர். "பாவம், பெத்த புள்ளைங்கன்னு யாரும் இல்ல போலிருக்கு."

"ஒரு பொண்ணு இருக்கா" என்றாள் அவள், தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாலு மாசமா அவர் கத்தியைச் சாணை பிடிச்சுக் குடுத்தா. அம்மாவைப் பாக்க வரட்டுமாப்பான்னு மட்டும் கேக்கல."