எட்டாங்கட்டைக்காக ஒரு கேள்வி

“எட்டாங்கட்டை ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீடுகளை ஏன் இன்னும் இடிக்காமல் வைத்திருக்கிறீர்கள்?”

மலாக்கா சட்டமன்றத்தில் எழுந்து நின்று இப்படிக் கேட்டவர் மிக்கேல்ராஜ். எட்டாங்கட்டை மக்களே ஓட்டுப் போட்டு அனுப்பிவைத்த எதிர்க்கட்சி உறுப்பினர்.

மேலே பார்வையாளர் வரிசையில் எட்டாங்கட்டை சனத்தோடு வந்திருந்த பெரியநாயகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேள்வி மலாயில்தான். ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

“என்னாண்ணே சொல்றாரு இவரு?” பக்கத்தில் இருந்த காளிமுத்துவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “நம்ம வீட்டையா இடிக்கச் சொல்றாரு?”

காளிமுத்து மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே மாலை. மிக்கேல்ராஜுக்குப் போடத்தான் காலையில் ஜாசின் பாசாரில், பூக்கடையில் வாங்கிவந்திருந்தார்.

தோட்டத்தை வாங்கிய புது முதலாளிக்குக் கோல்ஃப் திடல் போட வேண்டுமாம். தீபாவளிக்குள் எல்லாரும் காலி பண்ணச் சொல்லிவிட்டார். வீடுகளைக் காப்பாற்றச் சொல்லி மிக்கேல்ராஜ் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார். மாநில அமைச்சர் மாதிரியான ஆட்சிக்குழு உறுப்பினர், டத்தோ பட்டம் வாங்கிய கந்தசாமியும் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து, அதே பதிலைத் தாளைப் பார்த்துப் படிப்பார்:

“அது தனியார் நிலம். அரசாங்கம் தலையிட முடியாது.”

இன்றும் அதையேதான் படித்தார். “துணைக்கேள்வி உண்டா?” என்றார் சபாநாயகர். உடனே எழுந்து மிக்கேல்ராஜ் கேட்டதுதான் இடிக்கச் சொன்ன அந்தக் கேள்வி.

அதோடு விட்டாரா?

“தனியார் நிலம் என்றால் அங்கே இருப்பவர்கள் அத்துமீறிக் குடியிருப்பவர்கள்தானே? போலீஸை அனுப்பி விரட்ட வேண்டியதுதானே? ஓட்டுக்குப் பயந்து அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறதா?”

“அடப்பாவி!” பெரியநாயகி எழுந்தேவிட்டாள். காவலர் ஓடிவந்து உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

டத்தோ கந்தசாமி நிமிர்ந்து பார்த்தார். மேலே எட்டாங்கட்டை சனம். எதிரே பேனாவும் கையுமாகப் பத்திரிகைக்காரர்கள். கையில் இருந்த தாளை மேசையில் வைத்தார்.

“யாரைப் பார்த்து அத்துமீறி என்கிறீர்கள்? மூன்று தலைமுறையாகப் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த சனம்! மாற்று வீடு கொடுக்காமல் அங்கே ஒரு பலகையைக்கூட யாரும் தொட முடியாது. இது இந்த அரசாங்கம் கொடுக்கும் வாக்கு!”

ஆளுங்கட்சி வரிசையில் மேசைகள் அதிர்ந்தன. மிக்கேல்ராஜ் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வாசற்படியில் அந்த மாலை டத்தோ கந்தசாமியின் கழுத்தில் விழுந்தது. காளிமுத்துவேதான் போட்டார்.

“நான் இருக்கேன்லா, எதுக்குப் பயப்படுறீங்க?” என்று அவர் தோளைத் தட்டினார் டத்தோ.

படியின் அந்தப் பக்கமாகத் தனியே இறங்கிக்கொண்டிருந்த மிக்கேல்ராஜ் நின்றார்.

“வீடு இருந்துட்டுப் போகட்டும் டத்தோ. அரசாங்கக் காசுல பைப் தண்ணி மட்டும் குடுத்துடாதீங்க. நான் விடமாட்டேன்!”

“நீ என்னா விடுறது?” டத்தோ பத்திரிகைக்காரர்கள் பக்கம் திரும்பினார். “எழுதிக்குங்க. வர்ற மாசம் எட்டாங்கட்டைக்கு பைப் தண்ணி. என் சனம் இனிமே கிணத்துத் தண்ணி குடிக்காது!”

கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

கைதட்டியும் பெரியநாயகிக்குக் கோபம் ஆறவில்லை. விறுவிறுவென்று கார் நிறுத்தும் இடத்துக்கு நடந்தாள். மிக்கேல்ராஜை மடக்கினாள்.

“நீயெல்லாம் ஒரு மனுசனா? ஓட்டுக் கேக்க வந்தப்ப எங்க வீட்டுல உக்காந்து மரவள்ளிக்கிழங்கு தின்னியே, அந்த வீட்டையா இடிக்கச் சொன்ன? நல்லவேளை, அந்த டத்தோ இருந்தாரு. வர்ற எலெக்‌ஷன்ல எங்க லயத்துல உனக்கு ஒரு ஓட்டு விழாது, பாத்துக்க!”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சுமா கேட்ட?”

மிக்கேல்ராஜ் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“காப்பாத்துங்கன்னு கேட்டா முடியாதுங்கிறாரு. நான் எதைச் சொன்னாலும் அதுக்கு எதிராத்தான் நிப்பாரு. அதான் இன்னிக்கு இடிக்கச் சொன்னேன். இடிக்க விடமாட்டேன்னு சபையிலேயே வாக்குக் குடுத்துட்டாரு. இனிமே மாத்திப் பேச முடியாதுக்கா.”

பெரியநாயகி படியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே மாலையும் கழுத்துமாக டத்தோ காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

“ஐயா... அது உங்களுக்கு வாங்கின மாலைய்யா. நான் போய் நம்ம சனத்துக்கிட்டச் சொல்லிடுறேன்.”

“வேணாம்க்கா. இவங்களுக்குத் தெரிஞ்சா அவருக்கும் தெரிஞ்சுடும்.”

“அதுக்காக? ஊரே உங்களைத் திட்டுமேய்யா!”

“திட்டட்டும். நீங்களும் கொஞ்சம் சத்தமாத் திட்டுங்க. ரோடு இன்னும் பாக்கி இருக்கு.”

பெரியநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்த வட்டாரமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

“என்னாது? எங்க தோட்டத்துக்குத் தார் ரோடு போடவும் விடமாட்டியா?”

வாசலைத் தாண்டப்போன டத்தோவின் கார் சடாரென்று நின்றது.