கைச்சூடு

மடியில் இருந்த மண்சட்டி சில்லென்றிருந்தது. ஆட்டோ பேராதனைக்கு வந்து சேரும்வரை பிரதீஸ் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பார்த்துவிட்டான். சூடு என்ற பேச்சே இல்லை.

"அம்மாவுக்கு என் மேல இன்னும் கோவம்டி" என்றான், பக்கத்தில் இருந்த தங்கை கஜனியிடம்.

கோபம் இருக்காதா பின்னே? கட்டாருக்குப் போய் ஆறு வருஷம். வருகிறேன், வருகிறேன் என்று போனிலேயே காலத்தை ஓட்டினான். அம்மா பாலாம்பிகை ஒவ்வொரு தடவையும் கேட்டதெல்லாம், சுடுசோறு சாப்பிட்டாயா என்பதுதான்.

கடைசியில் அடித்துப்பிடித்து வந்தபோது, மலர்ச்சாலையின் குளிர்பெட்டியில் மூன்று நாளாக அவனுக்காகக் காத்திருந்த உடம்பைத்தான் தொட முடிந்தது. அந்தக் குளிர் விரலிலேயே தங்கிவிட்டது. கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்தும் போகவில்லை.

நேற்று சாயந்தரம் தகனசாலையில் வேலை செய்யும் கணேஸ் சொன்ன ஒரு வார்த்தைதான் ஆறுதல். "காலையில வாங்க தம்பி. சாம்பல் அதுக்குள்ள ஆறாது, சட்டியப் புடிக்கத் துண்டு ஒண்ணு கொண்டாங்க." அம்மாவின் சூட்டைக் கடைசியாக ஒரு தடவை கையில் வாங்கலாம் என்று அவன் விடிய விடியக் காத்திருந்தான்.

காலையில் கணேஸை வேறொரு சாவு வீட்டார் சூழ்ந்து நின்றார்கள். பிரதீஸுக்குப் பிற்பகலில் விமானம். சுவர்த் தட்டில் வெள்ளைத் துணி கட்டி இருந்த சட்டியை அவனே எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டான். துணியில் படிந்திருந்த தூசியைக் கஜனிதான் லேஞ்சியால் துடைத்தாள்.

மகாவலியில் முழங்கால் தண்ணீரில் இறங்கிச் சட்டியைக் கவிழ்த்தான். சாம்பல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. அதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை. மன்னித்துவிடும்மா என்று சொல்லிச் சொல்லி, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதான்.

கரையில் வைத்திருந்த அவன் போன் அடித்தது. கஜனி ஸ்பீக்கரில் போட்டாள். கணேஸின் குரல்.

"தம்பி, தட்டுல இருந்ததயா எடுத்துட்டுப் போனீங்க? அது எட்டு மாசமா யாருமே தேடி வராத சட்டி."

வெறும் சட்டி பிரதீஸின் கையிலிருந்து நழுவி ஆற்றோடு போனது. யாருக்காக அழுதோம் என்று அவன் சாம்பல் போன திக்கையே பார்த்தான்.

"சீக்கிரம் வாங்க தம்பி. ஒங்க அம்மா இன்னும் சூடாத்தான் இருக்காங்க."