பூசணி நடந்த நாள்

"டீச்சர், பூசணி காலையிலேயே நடந்தாளே. அவங்க அம்மாகிட்ட ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

கேட்டவளுக்கு நாலு வயது. எதற்கும் குறுக்குக் கேள்வி போடுவதால் குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர். டீச்சர் காதில் விழாதது போலக் குனிந்து, சிதறிக் கிடந்த மரக்கட்டைகளைக் கூடையில் போட்டாள்.

வக்கீல் சொன்னது உண்மைதான். நடக்கிற பிள்ளைகளின் அறையில் நடக்காத ஒரே பிள்ளை, கன்னம் உப்பிய பூசணி. அன்று காலை பந்தைத் துரத்துகிற ஜோரில் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு, தான் நடப்பது தனக்கே தெரியாமல் நடந்து, பாயின் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். பிள்ளைகள் எல்லாரும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் தோளில் பால் கறை படிந்த துண்டோடு ஓடிவந்த பூசணியின் அம்மா, தினமும் கேட்பதைத்தான் கேட்டாள். "என்னக்கா, மகாராணி இன்னிக்காவது நடந்தாங்களா?"

"இன்னும் இல்லம்மா. ஆனா நடந்துடுவா போலிருக்கு. ராத்திரி கண்ணை எடுக்காம பாத்துக்கோ."

பிள்ளையின் முதல் நடை, பெற்றவர்களின் கண்ணுக்கு உரியது; நாம் பார்த்துவிட்டால் பார்க்காத மாதிரி இருந்துவிட வேண்டும். டீச்சர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட வழக்கம் இது. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவளுக்குச் செய்கிற சின்ன உபகாரம் என்று நினைத்திருந்தாள்.

ஆனால் கிரேயானை உடைத்துவிட்டு 'நான் இல்லை' என்ற வக்கீலை மடியில் உட்காரவைத்து, உண்மை பேசுகிற பிள்ளையைத்தான் சாமிக்குப் பிடிக்கும் என்று சொன்னதும் அதே நாளில்தான். அந்தக் குழந்தை ஒப்புக்கொண்டு, அழுது, மன்னிப்பும் கேட்டிருந்தது.

"நீங்க மறந்துட்டீங்களா டீச்சர்? நான் வேணா சொல்லட்டா?"

'சொல்லாதே' என்ற வார்த்தை டீச்சரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பெரியவர்களிடம் இதை மறைத்துவிடு என்று ஒரு குழந்தையிடம் எந்தக் காரணத்துக்காகவும் சொல்லக் கூடாது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் கற்கும் முதல் பாடமே அதுதான். வார்த்தையை விழுங்கினாள்.

"நானே சொல்லிடறேன் கண்ணு."

மறுநாள் காலை பூசணியின் அம்மா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். நேத்து நடந்துட்டா. அலமாரியைப் பிடிச்சிட்டு நின்னவ நேரா வந்து என் மடியில விழுந்தா. அவங்க அப்பா போனைத் தேடி எடுக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. மனுஷன் திட்டு வாங்கிட்டே தூங்கினார்."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேலைக்குப் போறவளுக்கு அந்தக் கொடுப்பினை எல்லாம் கிடையாதும்பாங்க. எனக்கு இருந்துதுக்கா."

டீச்சரால் சரியாகச் சிரிக்கக்கூட முடியவில்லை. திருடிய பொருளைப் பரிசாகக் கொடுத்தவள் போல நின்றாள்.

வக்கீல் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சொல்லிட்டீங்களா?" என்பதுதான். சாயங்காலம் வரை டீச்சர் வாய்தா வாங்கினாள். சொன்னால் பூசணியின் அம்மாவின் முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் நாளை ஒரு குழந்தையின் வாயால் தெரிந்துகொள்வாள். அப்புறம் டீச்சர் சொல்கிற எதை நம்புவாள்?

பிள்ளைகள் எல்லாரும் போனபின், பூசணியை இடுப்பில் வைத்துக்கொண்டு டீச்சரே கிளம்பினாள். வெளிவாசலுக்கு அல்ல, வராந்தாவின் மறுகோடியில் இருந்த கைக்குழந்தைகள் அறைக்கு. அந்த அறையைப் பார்த்துக்கொள்கிறவளே பூசணியின் அம்மாதான்.

சொந்தப் பிள்ளையைத் தன் அறையில் வைத்துக்கொண்டால் மற்ற பிள்ளைகளைச் சமமாகப் பார்க்க முடியாது என்று அங்கே ஒரு விதி. அதனால்தான் நடக்காத பூசணி, நடக்கிற பிள்ளைகளோடு இருந்தாள். அதே விதிப்படி டீச்சரின் கைக்குழந்தை இவளிடம் இருந்தான்.

அறையில் வேறு யாரும் இல்லை. அவள் டீச்சரின் மகனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்துலேருந்து மனசு உறுத்துது. பூசணி வீட்டுல நடக்கறதுக்கு முன்னாடியே..."

"வேண்டாம்க்கா."

"இல்லம்மா, நான் பொய் சொல்லிட்டேன். நான் சொல்லலேன்னா வக்கீல் சொல்லிடுவா."

"சொல்லட்டும். ராத்திரி கண்ணை எடுக்காதேன்னு நீங்க சொன்னப்பவே எனக்குத் தெரியும். நானும் இதே வேலைதானே பாக்கறேன்." அவள் பூசணியை வாங்கிக்கொண்டாள். "என் மடியில வந்து விழுந்தது நிஜம். அது போதும்க்கா."

டீச்சரைப் பார்த்து மகன் கையை நீட்டி, "அம்மா" என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிப்பாட்டும்போது அவன் அவளை முதன்முதலாக அப்படிக் கூப்பிட்டான். மறுநாள் ஓடிவந்து டீச்சர் அதைச் சொன்னதும் இவளிடம்தான். இவளும் கன்னத்தில் கைவைத்து ஆச்சரியப்பட்டுக் கேட்டாள்.

டீச்சர் மகனைத் தூக்கிக்கொண்டு, இன்னும் ஆறாத மனதோடு நின்றாள். பூசணியின் அம்மா விளக்கை அணைக்கப் போனவள், திரும்பிப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"அவன் முதல்ல யாரை அம்மான்னு கூப்பிட்டான்னு நான் என்னிக்காவது சொன்னேனாக்கா?"