குண்டுமணித் தங்கம்

ஆய்வுக்கூட ஜன்னலில் நுழையும் வெயில், மகள் தூக்கிப் பிடித்திருக்கும் கண்ணாடிக் குழாயில் இறங்குகிறது. உள்ளே மாதுளைச் சாறு போலச் சிவப்பு. அத்தனையும் தங்கமாம், கண்ணுக்கே தெரியாத பொடியாம். வீட்டில் குண்டுமணித் தங்கம்கூடக் கிடையாது, இவள் தண்ணீரில் கரைத்து வைத்திருக்கிறாள் என்று நினைக்க அப்பாவுக்குச் சிரிப்பு வருகிறது. அவர் ரத்தத்திலிருந்து பிரித்த ஒரு துளியை அதில் விட்டிருக்கிறாள். நோய் திரும்பியிருந்தால் நிறமே சொல்லிவிடுமாம். மூலையில் ஏதோ இயந்திரம் முனகுகிறது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். குழாய் சிவப்பாகவே நிற்கிறது. மகளின் கண்களிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டுகிறது. பஸ் ஓட்டியே காலம் கழித்தவருக்குச் சிவப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாற்காலிக்கடியில் அவர் வலது பாதம் தானாகவே தரையை அழுத்துகிறது, பிரேக்கை மிதிப்பது போல. கையுறை போட்ட அவள் கையைப் பற்றிக்கொள்கிறார். "அழாதடா கண்ணு. எல்லா வண்டியும் ஒருநாள் ஷெட்டுக்குப் போய்த்தானே ஆகணும்?" அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்கிறாள். "ஐயோ அப்பா! நோய் இருந்தா நீலமா மாறியிருக்கும். இதுல சிவப்புன்னா போகலாம்னு அர்த்தம்ப்பா." நாற்காலிக்கடியில் அவர் வலது பாதம் தரையை விட்டு மெல்ல எழும்புகிறது.